20 கிலோவில் ஒரு சொத்தைக் கடலை

ஒரு நிலக்கடலைப் பருப்பின் எடை ஏறத்தாழ அரை கிராம். 20 கிலோவை எண்ணினால் 40,000 பருப்புகள் தேறும். அவற்றில் 39,999 பருப்பும் சுத்தம், ஒன்றே ஒன்றில் மட்டும் பூஞ்சை புகுந்திருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மோசமாகப் பூஞ்சை பிடித்த ஒற்றைப் பருப்பில் அஃப்ளாடாக்சின் என்ற பூஞ்சை நஞ்சு கிலோவுக்கு 10,00,000 மைக்ரோகிராம் என்ற வீதத்தில்கூட இருப்பதை ஆய்வகங்களில் அளந்திருக்கிறார்கள். அரை கிராம் பருப்புக்கு அது 500 மைக்ரோகிராம். அந்த 500-ஐ 20 கிலோவுக்கும் பங்கிட்டால் கிலோவுக்கு 25 மைக்ரோகிராம். அப்படியே சாப்பிடும் கடலைக்கு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் வைத்திருக்கும் வரம்பு 10. மேற்கொண்டு பதப்படுத்தப் போகும் கடலைக்கு 15. ஒரே ஒரு சொத்தைப் பருப்பு இரண்டு வரம்பையும் தாண்டவைத்துவிடுகிறது.

இப்போது அந்த 20 கிலோவிலிருந்து ஒரு கை, 100 கிராம், அள்ளிச் சோதிக்கிறோம். கைக்குள் வருவது 200 பருப்பு. சொத்தை அதற்குள் சிக்கும் வாய்ப்பு 200-இல் 1. சிக்காவிட்டால் விடை பூஜ்யம். சிக்கிவிட்டால் 100 கிராமில் 500 மைக்ரோகிராம், கிலோவுக்கு 5,000. உண்மையோ 25. கருவி எவ்வளவு நுட்பமானதாக இருந்தாலும் இந்த இரண்டு தப்பான விடைகளில் ஒன்றைத்தான் அது சொல்லும், அதுவும் மிகச் சரியாக அளந்து சொல்லும்.

பயோசென்சர், அதாவது உயிரி உணரி, பற்றி வரும் ஆராய்ச்சிக் கட்டுரைகளில் பெரும்பாலானவை எவ்வளவு சிறிய அளவைக் கண்டுபிடித்தோம் என்ற போட்டியிலேயே நின்றுவிடுகின்றன. கடலையும் புண்ணாக்கும் கையாளும் இடத்தில் வேலை கெடுவது பெரும்பாலும் அங்கே இல்லை. உணரியில் விழும் அந்த ஒரு துளிக்கு முன்னால்தான் கெடுகிறது. அதனால் இந்தக் கட்டுரையில் உணரிக்குக் கொடுக்கும் அளவு இடத்தைச் சாக்குக்கும் மிக்சிக்கும் மெத்தனாலுக்கும் கொடுத்திருக்கிறோம்.

நஞ்சைப் பற்றி முதலில் சுருக்கமாக. 1960-இல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வான்கோழிக் குஞ்சுகள் செத்து விழுந்தன. காரணம் தெரியாததால் அதற்கு 'வான்கோழி எக்ஸ் நோய்' என்று பெயர் வைத்தார்கள். பிரேசிலிலிருந்து தீவனத்துக்காக வந்த கடலைப் புண்ணாக்கில் போய் முடிந்தது விசாரணை. அதில் வளர்ந்திருந்த ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் என்ற பூஞ்சையின் பெயரிலிருந்துதான் அஃப்ளாடாக்சின் என்ற சொல்லே பிறந்தது. புற ஊதா விளக்கின் கீழ் நீலமாக ஒளிர்ந்தவை பி1, பி2. பச்சையாக ஒளிர்ந்தவை ஜி1, ஜி2. இவற்றில் கொடியது பி1. மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்குவது ஐயமின்றி நிறுவப்பட்டவற்றுக்கான முதல் பிரிவில் இதை உலகப் புற்றுநோய் ஆராய்ச்சி நிறுவனம் வைத்திருக்கிறது. மனிதரை நேரடியாகக் கொன்றும் இருக்கிறது: 1974-இல் ராஜஸ்தானின் பான்ஸ்வாடா, குஜராத்தின் பஞ்ச்மகால் பகுதிகளில் பூஞ்சை பிடித்த மக்காச்சோளம் தின்று 106 பேர் இறந்தார்கள்; 2004-இல் கென்யாவில் 125 பேர்.

தமிழ்நாட்டுக்கு இது எட்டத்துச் சங்கதி இல்லை. 2018-இல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் நாடெங்கும் 6,432 பால் மாதிரிகளை எடுத்துச் சோதித்தது. அவற்றில் 368 மாதிரிகளில், அதாவது 5.7 விழுக்காட்டில், பி1 மாட்டின் உடலில் மாறி உண்டாகும் அஃப்ளாடாக்சின் எம்1 வரம்பைத் தாண்டியிருந்தது. அந்த 368-இல் 88 தமிழ்நாட்டு மாதிரிகள். வேறு எந்த மாநிலத்திலும் இவ்வளவு இல்லை. பாலில் யாரும் எதையும் கலக்கவில்லை. மாடு தின்ற தீவனத்திலிருந்து அது மடிக்கு வந்திருக்கிறது.

பட்டைக்குள் நடப்பது

உயிரி உணரி என்றால் இரண்டு பாகம். ஒன்று, நஞ்சை அடையாளம் கண்டு பிடித்துக்கொள்ளும் உயிர்ப்பொருள். நோயெதிர்ப்பு உடலம் (ஆன்டிபாடி), நொதி, அப்டமர் எனும் குட்டி டிஎன்ஏ இழை, இவற்றில் ஏதாவது ஒன்று. இன்னொன்று, அப்படிப் பிடித்ததை நாம் பார்க்கும்படி நிறமாகவோ மின்னோட்டமாகவோ மாற்றிக் காட்டும் பகுதி. 1962-இல் லீலண்ட் கிளார்க் சர்க்கரையை அளக்க நொதி பூசிய மின்முனையை முன்வைத்ததில் தொடங்கிய மரபு இது. இன்று வீட்டுக்கு வீடு இருக்கும் சர்க்கரைமானி அதன் வாரிசு. கடலைக்கு அதிகம் புழங்குவது கர்ப்பச் சோதனைப் பட்டை போன்ற ஒரு காகிதப் பட்டை. ஆனால் அதைப் படிக்கும் விதம் நேர் எதிர்.

கர்ப்பச் சோதனையில் தேடும் ஹார்மோன் பெரிய மூலக்கூறு. ஒரு பக்கம் ஓர் உடலமும் மறுபக்கம் இன்னோர் உடலமும் பிடித்துக்கொள்ள அதில் இடமிருக்கிறது. அஃப்ளாடாக்சின் பி1-இன் மூலக்கூறு எடை வெறும் 312. ஒரு கை பிடித்தால் இன்னொரு கைக்கு இடமில்லை. ஆகவே இங்கே போட்டி வைக்கிறார்கள். தங்க நுண்துகளில் ஒட்டிய உடலங்கள் பட்டையின் அடிப்பக்கத்தில் காய்ந்த நிலையில் காத்திருக்கின்றன. மேலே சோதனைக் கோட்டில் அஃப்ளாடாக்சினை ஒரு புரதத்தோடு பிணைத்துப் பதித்திருக்கிறார்கள். மாதிரியில் நஞ்சு இல்லையென்றால், தங்கம் சுமந்த உடலங்கள் ஏறிப்போய் அந்தக் கோட்டில் ஒட்டிக்கொள்ளும், கோடு சிவக்கும். மாதிரியில் நஞ்சு இருந்தால் உடலங்களின் கைகள் வழியிலேயே நிரம்பிவிடும். கோட்டில் பிடிக்கக் கை இல்லாமல் அவை தாண்டிப் போய்விடும்; கோடு வெளுக்கும் அல்லது தோன்றவே தோன்றாது.

கோடு தெரிந்தால் நல்லது, தெரியாவிட்டால் நஞ்சு. புதிதாகக் கையாளுபவர்கள் இதைத் தலைகீழாகப் படித்துவிடுகிறார்கள். சோதனை மேசைக்கு மேலே பெரிய எழுத்தில் ஒட்டிவைக்க வேண்டிய வாசகம் இது. இரண்டாவது கோடு, கட்டுப்பாட்டுக் கோடு, எப்போதும் தெரிய வேண்டும். அது தெரியாவிட்டால் பட்டை செத்துவிட்டது. சோதனைக் கோடு என்ன சொன்னாலும் அந்தப் பட்டையைத் தூக்கி எறிந்துவிடுங்கள்.

இந்தப் போட்டி முறைக்கு ஒரு குணம் உண்டு, பட்டை தயாரிப்பவர்கள் அடிக்கடி மோதிக்கொள்ளும் இடம் அது. உடலத்தைக் கூட்டினால் கோடு பளிச்சென்று தெரியும், பார்க்க அழகாக இருக்கும், ஆனால் நுட்பம் போய்விடும். உடலம் நிறைய இருந்தால் கொஞ்ச நஞ்சு சிலவற்றை நிரப்பினாலும் மிச்சம் போய்க் கோட்டைச் சிவக்க வைத்துவிடும். கண்ணுக்குத் தெளிவாகத் தெரியும் கோட்டைத் தருகிற அளவில் மிகக் குறைந்த உடலம் எதுவோ அதுவே சரியான அளவு. தங்கத் துகளையும் ஆய்வகத்திலேயே செய்யலாம்: 0.01 விழுக்காடு குளோரோஆரிக் அமிலக் கரைசல் 100 மில்லியைக் கொதிக்கவைத்து, கலக்கிக்கொண்டே 1 விழுக்காடு டிரைசோடியம் சிட்ரேட் 1 மில்லியை ஒரே வீச்சில் ஊற்றினால், வெளிர்மஞ்சள் நிறம் மறைந்து, கருநீலமாகி, சில நிமிடங்களில் ஒயின் சிவப்புக்கு வந்து நிற்கும். துகள் ஏறத்தாழ 40 நானோமீட்டர். ஊதாவிலேயே நின்றுவிட்டால் பெரும்பாலும் பாத்திரம் அழுக்கு. ராஜதிராவகத்தில் (நைட்ரிக், ஹைட்ரோகுளோரிக் அமிலக் கலவை) கழுவி, தூய நீரில் பலமுறை அலசிய கண்ணாடியில்தான் இது ஒழுங்காக வரும்.

குத்தூசியிலிருந்து மாவு வரை

இங்கேதான் நின்று நிதானிக்க வேண்டும்.

அடுக்கின் முன்வரிசைச் சாக்கில் மேலாக அள்ளி எடுப்பது மாதிரியே இல்லை. ஈரம் ஏறுவது சுவரோரத்தில், தரையை ஒட்டிய அடிவரிசையில், ஓடு ஒழுகும் இடத்துக்குக் கீழே. குத்தூசியை ஒவ்வொரு சாக்கிலும் மேல், நடு, அடி என்று மூன்று இடத்தில் சாய்வாகச் செலுத்த வேண்டும். பெரிய சரக்குக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் விதி 100 இடங்களிலிருந்து 200 கிராம் வீதம் எடுத்து 20 கிலோ சேர்க்கச் சொல்கிறது. மேலே கணக்குப் போட்ட 20 கிலோ அதுதான். அவ்வளவு எடுக்க முடியாத சிறு வியாபாரத்திலும் 5 கிலோவுக்குக் குறைந்தால் பருப்பைப் பொறுத்தவரை சோதனைக்கு மதிப்பே கிடையாது என்பது எங்கள் உறுதியான கருத்து.

எடுத்ததை முழுவதும் அரைக்க வேண்டும். 5 கிலோ எடுத்துவிட்டு அதிலிருந்து முழுப் பருப்பாக 100 கிராம் பிரித்து அரைத்தால், முதலில் சொன்ன அதே பூஜ்யமா 5,000-ஆ சூதாட்டத்துக்குத் திரும்பிவிடுகிறோம். சொத்தைப் பருப்பு மாவாகி மற்றதோடு கலந்த பிறகே சிறு பகுதியை எடுக்கலாம்.

அரைப்பதில் கடலை முரண்டு பிடிக்கும். பருப்பில் பாதிக்குப் பாதி எண்ணெய். மிக்சி சூடானதும் மாவு வராது, வெண்ணெய்போல் இழுபடும் விழுது வரும். கத்திக்கு அடியில் அப்பிக்கொண்டு மேலே இருப்பது கலக்காமலே சுற்றும். இதற்கு இரண்டு வழி. ஒன்று, பருப்பை உறைபெட்டியில் ஓர் இரவு வைத்து, சில்லென்று இருக்கும்போதே, 5 நொடி ஓட்டி 10 நொடி நிறுத்தி அரைப்பது. இரண்டாவது, பருப்போடு சம எடைத் தண்ணீர் சேர்த்துக் கெட்டிக் கூழாக அடிப்பது. கூழ்தான் நன்றாகக் கலக்கிறது. ஆனால் சேர்த்த தண்ணீரைப் பிறகு கணக்கில் கழிக்க வேண்டும், மறக்கக் கூடாது. புண்ணாக்கு சுலபம்: எண்ணெய் போய்விட்டது, செக்கிலோ எக்ஸ்பெல்லரிலோ நசுங்கி ஓரளவு கலந்தும்விட்டது. கட்டிகளைச் சுத்தியலால் உடைத்து, அரைத்து, முக்கால்வாசிக்கு மேல் 20 மெஷ் சல்லடையில் இறங்கும் அளவுக்குப் பொடியாக்கினால் போதும். ரவை பதத்தில் நிறுத்தினால் கரைப்பான் உள்ளே இறங்காது, விடை குறைந்து காட்டும்.

பொடியைத் தாளில் கூம்பாகக் குவித்து, தட்டையாக்கி, சிலுவை போட்டு நான்காகப் பிரித்து, எதிரெதிர் இரண்டு கால்பகுதியை வைத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குங்கள். 25 கிராம் நிறுக்கும் வரை இதையே திரும்பச் செய்யலாம். கரண்டியால் மேலாக அள்ளினால் நுண்பொடி ஒரு பக்கமும் குருணை ஒரு பக்கமும் பிரிந்து வரும்.

முகக்கவசமும் நைட்ரைல் கையுறையும் இல்லாமல் இந்த வேலையைத் தொடாதீர்கள். நஞ்சுள்ள பொடி மூக்கில் ஏறுவது அரைக்கும் நேரத்தில்தான்.

மெத்தனால் எவ்வளவு

25 கிராம் பொடி, 5 கிராம் உப்பு, 70 விழுக்காடு மெத்தனால் 125 மில்லி. மூடிபோட்டு அதிவேக பிளெண்டரில் 2 நிமிடம். மடிப்பு வடிதாளில் வடிகட்டினால் மஞ்சளான தெளிநீர் இறங்கும். அஃப்ளாடாக்சின் வெறும் தண்ணீரில் சரியாக இறங்காது, மெத்தனாலில் நன்றாக இறங்கும். நீர் கலந்த மெத்தனால் எண்ணெயை அதிகம் இழுக்காது. வேண்டாத புரதமும் பிசினும் வருவதை உப்பு மட்டுப்படுத்தும். வடிநீர் கலங்கலாக இருந்தால் கண்ணாடியிழை வடிதாளில் மறுபடி வடிக்க வேண்டும். கலங்கலைப் பட்டையில் விட்டால் துளைகள் அடைபட்டு, சிவப்பு பாதிவழியில் நின்றுவிடும்.

இந்த வடிநீரை அப்படியே பட்டையில் விட்டால்? 70 விழுக்காடு மெத்தனாலில் உடலம் சுருண்டு செயலிழக்கும். எதையும் பிடிக்காது, சோதனைக் கோடு தோன்றாது. கோடு இல்லாதது நஞ்சு என்றல்லவா பொருள். நல்ல கடலை கெட்டது என்று ஒதுக்கப்படும். போட்டி முறைப் பட்டையில் உடலத்தைக் கெடுக்கும் எதுவுமே நஞ்சுபோல வேடம் போடும் என்பதை மனத்தில் நிறுத்திக்கொண்டால் பாதிக் குழப்பம் தீரும். அதிக மெத்தனால், புளித்த மாதிரி, பாத்திரத்தில் ஒட்டியிருந்த சோப்பு, வெயிலில் கிடந்த பட்டை எல்லாம் அந்த ரகம்.

ஆகவே 100 மைக்ரோலிட்டர் வடிநீரில் 400 மைக்ரோலிட்டர் பாஸ்பேட் தாங்கல் கரைசல், அதாவது அமில-காரத் தன்மையை மாறாமல் தாங்கும் கரைசல், சேர்க்கிறோம். மெத்தனால் 14 விழுக்காட்டுக்கு இறங்குகிறது. கணக்கையும் இங்கேயே முடித்துவிடலாம்: 25 கிராமுக்கு 125 மில்லி என்றால் 1 மில்லியில் 0.2 கிராம் கடலை. ஐந்து மடங்கு நீர்த்தால் 0.04 கிராம். கடலையில் கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் நஞ்சு இருந்தால், பட்டையில் விழும் கரைசலில் மில்லிக்கு 0.4 நானோகிராம் இருக்கும். வரம்பைக் காக்க உணரிக்குத் தேவையான நுட்பம் அவ்வளவே. மில்லிக்குப் பிகோகிராமைக் காட்டும் உணரியைப் பெருமையாக அறிவிக்கும்போது, அந்த அளவை வெறும் தாங்கல் கரைசலில் பார்த்தார்களா, கடலை வடிநீரில் பார்த்தார்களா என்று கேளுங்கள். பெரும்பாலும் முன்னது.

கிட்டுக்குக் கிட்டு இந்த அளவுகள் மாறும். மெத்தனாலே இல்லாமல் தண்ணீரில் பிரிக்கும் கிட்டுகளும் உண்டு. ஒரு கிட்டின் தாங்கல் கரைசலை இன்னொன்றின் பட்டையோடு சேர்த்துப் புழங்க மட்டும் கூடாது. மெத்தனால் தானே ஒரு நஞ்சு, தீப்பிடிப்பது. காற்றோட்டமான இடத்தில், அடுப்புக்கு எட்டத்தில் வையுங்கள்.

10 நிமிடம்

பட்டைகளைக் குளிர்பெட்டியில் வைத்திருந்தால், உறையைப் பிரிக்காமல் அரை மணி நேரம் வெளியே வையுங்கள். குளிர்ந்த பட்டையை உடனே பிரித்தால் சென்னை, கடலூர் போன்ற ஊர்க் காற்றில் அதன்மேல் பனி பூக்கும். அந்த ஈரத்தில் தங்கம் நேரத்துக்கு முன்பே நகர்ந்துவிடும். உறைக்குள் இருக்கும் சிலிக்கா ஜெல் பொட்டலம் நிறம் மாறியிருந்தால் அந்த உறையை நம்ப வேண்டாம்.

நீர்த்த கரைசலில் 100 மைக்ரோலிட்டரை மாதிரிக் குழியில் விடுங்கள். சில நொடிகளில் ஓர் இளஞ்சிவப்பு விளிம்பு வெள்ளைச் சவ்வில் ஏறத் தொடங்கும், நேர்கோடாக, மெதுவாக. அது ஒரு பக்கம் முந்தி, ஒரு பக்கம் பிந்திச் சாய்ந்து ஏறினால் பட்டை மேசையில் மட்டமாக இல்லை, அல்லது வடிநீரில் எண்ணெய்த் திவலை இருக்கிறது. விளிம்பு மேலே போனதும் பின்னணி தெளிந்து, கட்டுப்பாட்டுக் கோடு முதலில் துலங்கும். சோதனைக் கோடு அதற்குப் பின் மெல்ல அழுத்தமாகும். சொன்ன நேரத்தில், 5 என்றால் 5, 10 என்றால் 10 நிமிடத்தில், படித்துவிட வேண்டும். மதியச் சாப்பாட்டுக்குப் போய் வந்து பார்த்தால், பட்டை காயும்போது உறிஞ்சு பகுதியிலிருந்து தங்கம் கொஞ்சம் திரும்பி இறங்கி, இல்லாத கோட்டை வரைந்து வைத்திருக்கும். கெட்ட கடலை நல்லதாகத் தெரியும். உடலத்தைக் கெடுக்கும் தவறுகள் நல்ல சரக்கை வீணாக்கும். இந்தத் தவறு நஞ்சை உள்ளே விட்டுவிடும். அதனால் இதில்தான் கறாராக இருக்க வேண்டும்.

இரண்டு பேர் ஒரே கோட்டைப் பார்த்து 'இருக்கிறது', 'இல்லை' என்று சண்டையிடுவது வழக்கம். கைபேசியில் படமெடுத்து அளப்பதாக இருந்தால் நிழல் விழாத பெட்டியும் மாறாத விளக்கும் தேவை. சோதனைக் கோட்டின் அடர்த்தியைத் தனியாக எடுக்காமல் கட்டுப்பாட்டுக் கோட்டின் அடர்த்தியால் வகுத்துக்கொள்ளுங்கள். வெயிலும் துளியின் அளவும் இரண்டு கோட்டையும் ஏறக்குறைய சேர்ந்தே பாதிக்கும், வகுத்தால் பெரும்பகுதி கழிந்துபோகும். மே மாதத்து 38 டிகிரியில் கிடைக்கும் விகிதமும் மார்கழிக் காலை 22 டிகிரியில் கிடைப்பதும் அப்போதும் ஒன்றாக இருக்காது. எவ்வளவு நஞ்சுக்கு எந்த விகிதம் என்று காட்டும் அளவீட்டு வளைவை அந்தந்த அறை வெப்பத்தில் போட வேண்டும்.

அந்த வளைவைத் தூய தாங்கல் கரைசலில் போடாதீர்கள். நஞ்சில்லை என்று எச்பிஎல்சியில் (பொருள்களைப் பிரித்துத் துல்லியமாக அளக்கும் ஆய்வகக் கருவி) உறுதியான கடலையின் வடிநீரில், தெரிந்த அளவு அஃப்ளாடாக்சின் கலந்து போடுங்கள். கடலையின் புரதமும் கொழுப்பும் தோல் நிறமும் உடலத்தைக் கொஞ்சம் தடுக்கத்தான் செய்யும். அந்தத் தடை அளவுகோலுக்குள்ளும் இருந்துவிட்டால் நியாயம். கைவசம் இருக்கும் அஃப்ளாடாக்சின் மூலக்கரைசலின் அடர்வையும் சரிபார்க்க வேண்டும்: அசிட்டோநைட்ரைலில் 350 நானோமீட்டரில் ஒளி உறிஞ்சளவைப் பார்த்து, அதை 312-ஆலும் 1,000-ஆலும் பெருக்கி 20,700-ஆல் வகுத்தால் மில்லிக்கு எத்தனை மைக்ரோகிராம் பி1 என்று கிடைக்கும். 0.66 என்று காட்டினால் கிட்டத்தட்ட 10. அதில் 25 மைக்ரோலிட்டரைச் சுத்தமான 25 கிராம் மாவில் சொட்டி, ஒரு மணி நேரம் ஆறவிட்டு, முழு முறையையும் செய்து பாருங்கள். கிலோவுக்கு 10 மைக்ரோகிராம் சேர்த்திருக்கிறீர்கள். 7-இலிருந்து 11-க்குள் விடை வந்தால் கை சரி.

ஐந்து பட்டைக்கு ஒருமுறையாவது நஞ்சில்லாத வடிநீர் ஒன்று, நஞ்சு கலந்த வடிநீர் ஒன்று ஓட்டும் பழக்கம் இல்லாத இடத்தில் வரும் விடைகளை நாங்கள் எடுத்துக்கொள்ளமாட்டோம்.

உடலத்தின் குறுக்குப் பிடிப்பும், அதாவது பி1-ஐத் தவிர அதன் உறவு நஞ்சுகளையும் அது பிடிக்கிறதா என்பதும், கேட்டறிய வேண்டிய விஷயம். ஆஸ்பெர்ஜில்லஸ் ஃபிளேவஸ் பொதுவாக பி வகையை மட்டும் உண்டாக்கும். அதன் உறவான பாரசிட்டிகஸ் ஜி வகையையும் சேர்த்து உண்டாக்கும். இந்திய வரம்பு நான்கின் கூட்டுத்தொகைக்கு. பி1-ஐ மட்டும் பிடிக்கும் பட்டை ஜி1 நிறைந்த சரக்கைக் குறைத்தே காட்டும்.

மின்முனை

எண்ணாகவே விடை வேண்டும் என்பவர்கள் அச்சிட்ட மின்முனைக்குப் போகிறார்கள். விரல் நீள அட்டையில் கரி மையால் அச்சிட்ட வேலை மின்முனை, துணை மின்முனை, வெள்ளி–வெள்ளிக் குளோரைடு ஒப்பு மின்முனை. இதிலும் அதே போட்டிதான்: அஃப்ளாடாக்சின்–புரதப் பிணைப்பை மின்முனையில் பதித்து, 1 விழுக்காடு பிஎஸ்ஏ எனும் மாட்டு ரத்தப் புரதத்தால் வெற்றிடங்களை மூடி, மாதிரியோடு பெராக்சிடேஸ் நொதி பூட்டிய உடலத்தைக் கலந்து விடுவது. கழுவிய பின் மிஞ்சிய நொதிக்கு அது வினைபுரியும் டிஎம்பி–பெராக்சைடு கலவையைக் கொடுத்தால் மின்னோட்டம் வரும். நஞ்சு கூடினால் மின்னோட்டம் குறையும்.

சொல்வது எளிது. 10 மைக்ரோலிட்டர் துளி நம் ஊர்க் கோடையில் 15 நிமிடத்தில் ஓரம் காய்ந்து, புரதம் வளையமாகப் படியும்; காப்பிக் கறை படிவதுபோல. மூடிய பெட்ரி தட்டில் ஈரத் தாள் வைத்து அதற்குள் மின்முனைகளை வைத்தால் இது தீரும். கழுவுவது குறைந்தால் ஒட்டாத நொதி மிஞ்சி மின்னோட்டம் கூடும், நஞ்சு குறைந்து தெரியும். மின்முனையின் கரிப் பரப்பில் விரல் பட்டால் அந்த அட்டை முடிந்தது. ஒரே பெட்டியின் அட்டைகளுக்குள்ளேயே 10 விழுக்காடு வேறுபாடு சாதாரணம், ஆகவே ஒரு மாதிரிக்கு மூன்று அட்டை.

நொதி பூட்டாமல், மின்முனையில் மின்னோட்டத்துக்கு வரும் தடையை, அதாவது மின்மறுப்பை, மட்டும் அளக்கும் முறையும் உண்டு. கட்டுரைகளில் கவர்ச்சியாக இருக்கும். கடலை வடிநீரில் அது நம்பகமில்லை, ஏனென்றால் கடலைப் புரதம் சும்மா படிந்தாலும் மின்மறுப்பு ஏறும். நஞ்சு பிடிபட்டதும் அதே மாதிரிதான் தெரியும். அப்டமர் வெயிலையும் பயணத்தையும் உடலத்தைவிட நன்றாகத் தாங்கும். ஆனால் அது சுருளும் வடிவம் கரைசலின் உப்பையும் மக்னீசியத்தையும் பொறுத்தது. பிரிப்பதற்குப் போட்ட 5 கிராம் உப்பு அங்கேயும் வந்து நிற்கும்.

புண்ணாக்கும் பாலும்

100 கிலோ பருப்பில் கிலோவுக்கு 20 மைக்ரோகிராம் நஞ்சு இருந்தால் மொத்தம் 2,000. எண்ணெய் ஆட்டினால் நஞ்சின் பெரும்பகுதி புண்ணாக்கிலேயே தங்கும். புண்ணாக்கு 55 கிலோ என்றால் கிலோவுக்கு 30-க்கும் மேல். பருப்பு சுமாராக இருந்தாலும் புண்ணாக்கு அதைவிட மோசம். செக்கெண்ணெயிலும் கொஞ்சம் வரும். சுத்திகரித்த எண்ணெயில் காரமும் வெளுப்பு மண்ணும் அதை நீக்கிவிடுகின்றன, செக்கெண்ணெயில் அந்தப் படி கிடையாது. சொத்தையைப் பொறுக்காமல் ஆட்டக்கூடாது என்று சொல்வது இதற்காகவும்தான்.

பசுவின் கல்லீரல் பி1-ஐ எம்1 ஆக மாற்றி, தின்றதில் 1 முதல் 2 விழுக்காட்டைப் பாலில் இறக்குகிறது. அதிகம் கறக்கும் கலப்பினத்தில் 6 விழுக்காடு வரை போகும். பாலுக்கு இந்திய வரம்பு கிலோவுக்கு 0.5 மைக்ரோகிராம், ஐரோப்பாவில் 0.05. ஒரு நாளைக்கு 10 லிட்டர் கறக்கும் மாட்டுக்கு வரம்பளவு என்பது மொத்தம் 5 மைக்ரோகிராம் எம்1. 2 விழுக்காடு இறங்கினால் அது தின்றது 250 மைக்ரோகிராம் பி1. தினம் 2 கிலோ புண்ணாக்கு ஊறவைத்துப் போட்டால், கிலோவுக்கு 125 மைக்ரோகிராம் இருக்கும் புண்ணாக்கே போதும் பாலை வரம்புக்குக் கொண்டுபோக. 4 விழுக்காடு இறங்கும் மாட்டுக்கு 62 போதும். கலப்புத் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் வைத்திருக்கும் வரம்பு 20.

பாலைக் காய்ச்சினால் எம்1 போகாது. கேசீன் புரதத்தோடு ஒட்டிக்கொள்வதால் பனீரில் பாலைவிட அடர்த்தியாகவே தங்கும். ஆக, நிறுத்த வேண்டிய இடம் மாட்டுத் தொட்டி.

சோதனையைப் பாலில் செய்வதா, புண்ணாக்கில் செய்வதா? பாலில் செய்வது கைக்கு எளிது: மாட்டின் உடலே நாள் முழுவதும் தின்றதைக் கலந்து கொடுத்துவிடுகிறது, குத்தூசிச் சூதாட்டம் இல்லை, மெத்தனால் இல்லை. பல கிட்டுகளில் 200 மைக்ரோலிட்டர் பால், 40 டிகிரி சூட்டுப் பெட்டி, 10 நிமிடம், அவ்வளவே. புளிக்கத் தொடங்கிய பால், உறையவைத்து உருக்கிய பால், ஆடை படர்ந்த பால் மட்டும் பட்டையில் ஓடாது. கலக்கி, மேல் கொழுப்பைத் தவிர்த்து, நடுவிலிருந்து எடுங்கள். ஆனால் பாலில் தெரியும்போது ஒரு வேளைப் பால் போயிற்று, மாடும் நஞ்சைத் தின்றாயிற்று. சங்கத்தில் பத்து வீட்டுப் பால் ஒரு கேனில் கலந்த பிறகு சோதித்தால் எந்த வீட்டுத் தொட்டி என்றும் தெரியாது. மூட்டை வாங்கும் இடத்தில் புண்ணாக்கை ஒருமுறை, வாரம் ஒருமுறை வீட்டுவாரியாகப் பாலை என்று இரண்டையும் வைத்துக்கொள்வதே சரி. பட்டையில் கோடு மங்கினால் அந்தச் சரக்கை ஒதுக்கி, அதே பொடியில் இன்னொரு 25 கிராமை எச்பிஎல்சி உள்ள ஆய்வகத்துக்கு அனுப்புங்கள். விலையைக் குறைக்கவோ வழக்குத் தொடுக்கவோ பட்டையின் கோடு போதாது.

வேலை முடிந்ததும் கண்ணாடிப் பாத்திரங்களை 1 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட்டில் 2 மணி நேரம் ஊறவைத்து, பிறகு மொத்த அளவில் 5 விழுக்காடு அசிட்டோன் சேர்த்து அரை மணி வைக்க வேண்டும். மெத்தனால் கழிவைத் தனிக் கேனில் சேருங்கள், சாக்கடையில் ஊற்றாதீர்கள். மீந்த பொடியைக் கோழிக்குப் போட்டுவிடாதீர்கள்.

பாலில் எம்1 தெரிந்து புண்ணாக்கை மாற்றியவர்கள், மறுநாளே பாலைச் சோதித்து இன்னும் கோடு மங்கலாகத்தான் இருக்கிறது என்று புதுப் புண்ணாக்கையும் சந்தேகப்படுவார்கள். நஞ்சு தின்ற 12 முதல் 24 மணி நேரத்தில் பாலுக்கு வந்துவிடும். தீவனத்தை நிறுத்தினால் குறைந்து மறைய 3 அல்லது 4 நாள் பிடிக்கும். மாற்றிய ஐந்தாம் நாள் காலைப் பாலை எடுத்துப் பாருங்கள்.